ஓவனில் மொறுமொறு சிக்கன் விங்ஸ், மேலே மாம்பழ மிளகாய் சாஸ்: முழுமையான வழிகாட்டி

முதல் தடவை விங்ஸ் செய்தபோது சிக்கன் 65 செய்த பழக்கத்திலேயே இறங்கிவிட்டேன். தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் போட்டுப் பிசைந்து, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஓவனில் 200 டிகிரியில் வைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் தட்டில் அரை டம்ளர் தண்ணீர் நிற்கிறது, நடுவில் விங்ஸ் குளித்துக்கொண்டிருக்கிறது. கறி வெந்திருந்தது, மசாலாவும் நன்றாகவே ஏறியிருந்தது. தோல் மட்டும் நனைந்த ரப்பர் செருப்பு. வந்தவர்கள் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே தோலை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார்கள்.

எண்ணெய்ச் சட்டியில் அந்த மசாலா எடுபடும். 170, 180 டிகிரியில் கொதிக்கிற எண்ணெய் மேல் ஈரத்தைக் கண்ணெதிரே விரட்டிவிடும். ஓவனில் இருப்பது வெறும் சூடான காற்று. எண்ணெய் வேகத்துக்குக் காற்று சூட்டைக் கடத்தாது. அது விரட்டாத ஈரத்தை நாம்தான் முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டும். கடையில் வாங்குவது முதல் சாஸில் புரட்டுவது வரை இனி வரும் எல்லாமே அந்த ஒரு வேலைதான். மசாலா போடத் துடிக்கிற கையைக் கட்டிப்போட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு சின்னப் பழங்கதை. அமெரிக்காவில் கோழி இறக்கை ரொம்ப நாள் சூப்புக்குப் போகிற சரக்காகத்தான் இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், ஆங்கர் பார் என்ற உணவகத்தில் 1964இல் தெரசா பெலிசிமோ அதை எண்ணெயில் பொரித்து, வெண்ணெயும் மிளகாய் சாஸும் கலந்து புரட்டிக் கொடுத்தார் என்பது எல்லாரும் சொல்கிற கதை. அதே ஊரில் ஜான் யங் என்பவரும் அதே காலத்தில் மாவு தோய்த்த முழு இறக்கையைத் தன் சொந்த சாஸில் விற்றார். யார் முதல் என்ற சண்டை ஓயவில்லை. நமக்கு வேண்டியது வேறு விஷயம். பஃபலோ சாஸ் என்பது வெண்ணெயும் வினிகரில் ஊறிய மிளகாயும்தான். கொழுப்பு அதிகம் என்பதால் தோலை அது சீக்கிரம் ஊறவைப்பதில்லை. பழச் சாஸ் அப்படி இல்லை, பாதிக்கு மேல் தண்ணீர். அதனால் இங்கே தோல் இன்னும் திடமாக இருக்க வேண்டும், சாஸ் இன்னும் சுண்ட வேண்டும்.

கறிக்கடையில்

நம் ஊரில் தோலோடு விங்ஸ் வாங்குவது நினைக்கிற அளவு சுலபம் இல்லை. பல சின்னக் கடைகளில் கோழியை அறுத்ததும் இறகையும் தோலையும் சேர்த்து, சட்டையைக் கழற்றுவது போல ஒரே இழுப்பில் உரித்துவிடுவார்கள். வெந்நீரில் முக்கி மெஷினில் இறகு எடுக்கிற கடையில்தான் தோலோடு கிடைக்கும். விலைப் பலகையில் "தோலுடன்" என்று ஒரு வரியும் "உரித்தது" என்று ஒரு வரியும் இருந்தால் அது நமக்கான கடை.

கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: "விங்ஸ் மட்டும் வேணும்ணே. தோல் உரிக்காம, வெட்டாம, முழுசா." அந்த "வெட்டாம" முக்கியம். சொல்லாவிட்டால் கை பழகிய வேகத்தில் நாலு போடு போட்டுவிடுவார், உடைந்த எலும்புச் சில்லு வாயில் குத்தும். பத்து இறக்கைக்கு ஐந்து கோழி வேண்டும் என்பதால் முந்தின நாளே சொல்லிவைப்பது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்று கேட்டால் திட்டுதான் கிடைக்கும்.

பிராய்லர்தான் சரி. நாட்டுக்கோழி இறக்கையில் கொழுப்பும் சதையும் குறைவு, எலும்பும் நாரும்தான் மிச்சம். அதைக் குழம்பில் போடுங்கள், அங்கே அது ராஜா.

உறைய வைத்த பாக்கெட் வாங்கினால் முதல் நாளே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். வெளியே வைத்தோ வெந்நீர் ஊற்றியோ உருக்க வேண்டாம். உருகும்போது நிறைய நீர் விடும், துடைக்கிற வேலை இரட்டிப்பு.

அளவு

30 லிட்டர் ஓடிஜி ஓவனின் கம்பித் தட்டில் இடைவெளி விட்டு அடுக்க 18 அல்லது 20 துண்டுதான் பிடிக்கும். அதற்கேற்ற கணக்கு இது. மூன்று, நான்கு பேருக்கு வரும்.

விங்ஸுக்கு: முழு இறக்கை 9 அல்லது 10 (சுமார் 750 கிராம்), பேக்கிங் பவுடர் தலைதட்டி 2 டீஸ்பூன், தூள் உப்பு முக்கால் டீஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் அரை டீஸ்பூன்.

சாஸுக்கு: மாம்பழச் சதை 200 கிராம் (நடுத்தர அளவில் ஒரு பழம்), காஷ்மீரி மிளகாய் 6, குண்டு மிளகாய் 4, பூண்டு 6 பல், இஞ்சி சுண்டுவிரல் நுனி அளவு, சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், வினிகர் 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன், கடைசியில் பிழிய அரை மூடி எலுமிச்சை.

வெட்டுவது

முழு இறக்கையில் மூன்று பாகம். உடம்போடு ஒட்டியிருந்த பக்கம் குட்டிக் கால் போல இருக்கும். நடுவில் இரண்டு மெல்லிய எலும்புள்ள தட்டைப் பகுதி. கடைசியில் சதையே இல்லாத நுனி.

கத்தியை எடுப்பதற்கு முன் விரலால் மூட்டைத் தடவிப் பாருங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். மூட்டை வெளிப்பக்கமாக மடக்கினால் அது இன்னும் விரியும். அங்கே கத்தியை வைத்து அழுத்தினால் குருத்தெலும்பு சட்டென்று பிளந்துவிடும். "கடக்" என்று எலும்பு தடுத்தால் பலம் காட்டாதீர்கள், கத்தியை ஒரு நூல் தள்ளி வையுங்கள். நுனிகளைத் தூக்கிப் போட வேண்டாம், டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மிச்சம் இருக்கிற முடிகளைச் சாமணத்தால் பிடுங்கிவிடுங்கள். அடுப்புத் தீயில் ஒரு வாட்டு வாட்டினாலும் போகும், ஆனால் தோல் அங்கங்கே சுருங்கும்.

ஈரம் போக்குவது

கழுவலாமா? அமெரிக்க விவசாயத் துறை பச்சைக் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கிறது. குழாய்த் தண்ணீர் தெறிக்கும்போது கிருமி மேடை, பாத்திரம், பக்கத்தில் இருக்கும் தக்காளி என்று எங்கும் பரவும் என்பது காரணம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. அதனால் ஒரு நடுவழி: குழாயடியில் பிடிக்காமல், ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசி எடுத்து, பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுவது.

வழக்கமாகச் சேர்க்கிற மஞ்சள்தூளை மட்டும் இன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாகுமே, அதே சங்கதி. காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்) உள்ள எது பட்டாலும் மஞ்சள் சிவக்கும். நாம் அடுத்துத் தடவப்போகிற பொடியில் சோடா இருக்கிறது, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறலாம்.

அலசிய பிறகு வடிகட்டியில் பத்து நிமிடம். அப்புறம் சுத்தமான பருத்தித் துணியாலோ கிச்சன் டிஷ்யூவாலோ ஒவ்வொரு துண்டாக ஒத்தி எடுங்கள். இதில் அவசரப்படாதீர்கள். தட்டைத் துண்டின் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற பள்ளத்தில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும், விரலால் துணியை உள்ளே அழுத்த வேண்டும். துடைத்த தோல் பளபளக்கக் கூடாது. மங்கலாக, தொட்டால் விரலோடு லேசாக ஒட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

பொடி தடவுவது

பேக்கிங் பவுடர், உப்பு, வெள்ளை மிளகுத்தூள் மூன்றையும் உலர்ந்த கிண்ணத்தில் கலந்துகொள்ளுங்கள். அகலமான பாத்திரத்தில் விங்ஸைப் போட்டு, இந்தப் பொடியை மூன்று தடவையாகத் தூவித் தூவிக் குலுக்குங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் அந்தத் துண்டு கசக்கும். எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம், தோலில் இருக்கிற கொழுப்பே தாராளம். மிளகாய்த்தூளும் வேண்டாம். 220 டிகிரியில் முக்கால் மணி நேரம் அது தாங்காது, கருகிக் கசக்கும். காரம் முழுவதும் சாஸில் வரும்.

பேக்கிங் பவுடர் இரண்டு வேலை செய்கிறது. தோலின் காரத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றுவதால் புரதம் சீக்கிரம் சிவக்கிறது, மொறுமொறுப்பாக உடைகிற பக்குவத்துக்கும் வருகிறது. இன்னொன்று, தோலில் கசியும் ஈரத்தோடு சேர்ந்து கரியமில வாயுக் குமிழிகளை விடுகிறது. அந்தக் குமிழிகள் அப்படியே காய்ந்து, அப்பளத்தின் மேல் பொங்குமே, அது மாதிரி பொடிப் பொடிக் கொப்புளமாக நிற்கும். கடிக்கும்போது நொறுங்குவது அந்தக் கொப்புளங்கள்தான்.

பேக்கிங் பவுடரும் ஆப்ப சோடாவும் ஒன்றல்ல. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பெயர் ஒட்டாத இரண்டு டப்பா, இரண்டிலும் வெள்ளைப் பொடி. அவசரத்தில் சோடாவை எடுத்துவிட்டேன். விங்ஸ் நிறம் அபாரம், ஆனால் கடித்தால் துணி சோப்பு. 750 கிராம் கறியும் வீண். சந்தேகம் இருந்தால் அரை டீஸ்பூனைப் பச்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பேக்கிங் பவுடர் உடனே நுரைக்கும். அதில் அமிலமும் கூடவே இருக்கிறது. சோடா சும்மா கரைந்துவிடும். பழைய பேக்கிங் பவுடரில் வீரியம் இருக்கிறதா என்றும் இதிலேயே தெரிந்துவிடும். சில பேக்கிங் பவுடரில் அலுமினிய உப்பு இருக்கும், இந்த அளவு போட்டால் நாக்கில் உலோக வாடை அடிக்கும். டப்பாவின் பின்பக்கம் 521 அல்லது 541 என்ற எண் இருந்தால் அதுதான். வேறு வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

ஃப்ரிட்ஜில் ஒரு இரவு

பொடி தடவிய துண்டுகளைக் கம்பி வலையில், ஒன்றோடொன்று உரசாமல், தோல் அதிகமுள்ள பக்கம் மேலே பார்க்க அடுக்கி, அடியில் ஒரு தட்டு வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். குறைந்தது 8 மணி நேரம், அதிகபட்சம் ஒரு நாள். தானாக உறைபனி நீக்கும் ஃப்ரிட்ஜில் உள்ளே ஓடுகிற காற்று தோலை அப்படியே உலர்த்திவிடும். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஈரம் அதிகம், அவ்வளவு காயாது, ஆனாலும் வைக்காததற்கு வைத்தது மேல்.

வீட்டு அரசியல் ஒன்று இதில் இருக்கிறது. திறந்த கோழித் தட்டு, மேல் தட்டில் பால் பாக்கெட், கதவில் நாளைய பூஜைக்கு வாழை இலையில் சுற்றிய மல்லிகைச் சரம். "இது என்னடா கூத்து?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. தட்டைக் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். மேலே வைத்தால் சொட்டுகிற நீர் மற்றதன் மேல் விழும், அது சுத்தத்துக்கும் ஆகாது, குடும்ப அமைதிக்கும் ஆகாது. நான் இப்போது உயரமான விளிம்புள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வலையை வைத்து, டப்பாவை மூடாமல் வைக்கிறேன். பூ அன்றைக்கு ஒரு நாள் வெளியே தண்ணீர் தெளித்து இருக்கட்டும்.

இரவு முழுக்க வைக்க நேரமில்லை என்றால், ஓவன் சூடாகிற நேரத்தில் டேபிள் ஃபேன் முன்னால் 20 நிமிடம் வைக்கலாம். சென்னை வெயிலில் அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

ஓவனில்

இரண்டு கட்டமாகச் சுட வேண்டும், முதலில் 120 டிகிரி, அப்புறம் 220. நேராக 220இல் வைத்தால் என்ன? மேல் தோல் சிவந்துவிடும், அடியில் இருக்கிற கொழுப்பு உருகி வெளியேற நேரம் கிடைக்காது. பார்க்க அழகாக இருக்கும், கடித்தால் கொழகொழ. 120இல் தோல் சிவக்காமலே கொழுப்பு சொட்டுச் சொட்டாக இறங்கும், ஈரமும் போகும். பிறகு ஏற்றுகிற சூடு, மிஞ்சிய மெல்லிய தோலை அப்பளமாக்கும்.

ஓவனை மேல், கீழ் இரண்டு ராடும் எரியும்படி வைத்து 120 டிகிரிக்கு 10 நிமிடம் சூடாக்குங்கள். ஃபேன் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், ஈரக் காற்று ஒரே இடத்தில் நிற்காது. விங்ஸ் கம்பி வலையின் மேல் இருக்க வேண்டும், நேரடியாகத் தட்டில் வைத்தால் அடிப்பக்கம் தன் கொழுப்பிலேயே அவியும். வலைக்குக் கீழே அலுமினியத் தாள் விரித்த தட்டு. புகை வராமல் இருக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். ஊற்றாதீர்கள், நீராவி கிளம்பி இரவு முழுக்கப் பட்ட பாடு வீணாகும்.

120இல் 30 நிமிடம். இப்போது எடுத்துப் பார்த்தால் வெளிறி, மெழுகு பூசின மாதிரி, பார்க்கவே சோகமாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். கீழ்த்தட்டில் சேர்ந்த கொழுப்பை ஒரு கிண்ணத்தில் வடித்துவிட்டுத் தட்டைத் திரும்ப வையுங்கள். இதைச் செய்யாமல் சூட்டை ஏற்றினால் அந்தக் கொழுப்புதான் புகைந்து வீட்டை நிறைக்கும். (அந்தக் கொழுப்பில் மறுநாள் முட்டைப் பொரியல் செய்து பாருங்கள்.)

வலையை மேல் பாதிக்கு மாற்றி, 220க்கு ஏற்றி, 40 முதல் 45 நிமிடம். 25 நிமிடம் ஆனதும் இடுக்கியால் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, தட்டையும் முன்பின்னாகத் திருப்புங்கள். சின்ன ஓவன்களில் ஒரு பக்கம் எப்போதும் முந்திக்கொள்ளும்.

நேரத்தைக் கல்லில் எழுதின மாதிரி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓடிஜியின் திருகில் 220 என்று போட்டிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். உள்ளே தொங்கவிடுகிற சின்ன ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பல ஏமாற்றங்கள் தீரும். இன்னொன்று மின்சாரம். 230 வோல்ட்டுக்குச் செய்த ராடு 190 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு சூட்டைத்தான் தரும். சாயங்காலம் பல்பு மங்குகிற தெருவில் இருந்தால் பத்து நிமிடம் கூட வைக்க வேண்டியிருக்கும்.

உள்ளே வெந்ததா என்ற கவலை விங்ஸில் பெரிதாக வேண்டாம். கோழிக்குப் பாதுகாப்பான அளவு 74 டிகிரி. நாம் அதைத் தாண்டி 85, 90க்குப் போய்விடுவோம். இறக்கையில் இருக்கிற சவ்வு கரைந்து கறி எலும்பை விட்டு வழுக்கி வர அந்தச் சூடுதான் வேண்டும். பார்க்க வேண்டியது தோலை: இஞ்சி டீயின் நிறம், மேலே பொடிக் கொப்புளங்கள், இடுக்கியால் தட்டினால் "டக் டக்" என்று காய்ந்த சத்தம். சத்தம் அமுங்கிக் கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் கன்வெக்ஷன் மட்டும் போடுங்கள், மைக்ரோவேவ் பக்கம் கையே வைக்காதீர்கள். பல மாடல்களில் 200தான் உச்சம், பத்து நிமிடம் கூட ஆகும். ஏர் ஃபிரையரில் 180இல் 12 நிமிடம், திருப்பி 200இல் இன்னொரு 12 நிமிடம், ஒரு நடையில் பத்துத் துண்டுக்கு மேல் போடாமல். உண்மையைச் சொன்னால் கொஞ்சமாகச் செய்ய ஏர் ஃபிரையர்தான் சுலபம்.

சாஸ்

பழமும் மிளகாயும் சேர்வது நமக்குப் புதிதில்லை. சித்திரை முதல் நாள் மாங்காய் பச்சடி சாப்பிடுகிறோம், மெரினாவில் மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்றுக்கு நிற்கிறோம். அமெரிக்கக் கடைகளில் மாம்பழத்தோடு ஹபனேரோ என்ற மிளகாயைச் சேர்ப்பார்கள், அதற்கே ஒரு பழ வாசனை உண்டு. நம் குண்டு மிளகாய்க்கு அந்த வாசனை கிடையாது, நல்ல சுருக்கென்ற காரம் உண்டு. காஷ்மீரி நிறத்துக்கு, ராமநாதபுரத்துக் குண்டு உறைப்புக்கு என்று பிரித்துக்கொள்கிறேன்.

பழம் முழுக்கப் பழுத்துக் கொழகொழத்தது வேண்டாம், செங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் இருப்பது வேண்டும். பங்கனப்பள்ளி நார் இல்லாமல் நன்றாக அரைபடும், ஆனால் வெறும் இனிப்பு. கிளிமூக்கில் புளிப்பு இருக்கிறது. இரண்டும் பாதிப் பாதி கிடைத்தால் அமைந்துவிட்டது. அல்போன்சாவை வாங்கி மிளகாயோடு கொதிக்க வைப்பது காசுக்குப் பிடித்த கேடு. நாட்டு மாம்பழம் என்றால் கூழை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் நார் பல்லில் மாட்டும்.

மிளகாயைக் கிள்ளி, காஷ்மீரியின் விதையை உதறிவிட்டு, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டு, இஞ்சியோடு மைய அரையுங்கள். ஊறிய தண்ணீரை இரண்டு ஸ்பூனுக்கு மேல் சேர்க்க வேண்டாம். மாம்பழத்தைத் தனியாக, தண்ணீரே விடாமல் அரைத்து வையுங்கள்.

அடி கனமான வாணலியில் எண்ணெய் விட்டு, சின்னத் தீயில் மிளகாய் விழுதை வதக்குங்கள். பச்சை வாசனை போய் ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரியும் வரை நாலைந்து நிமிடம் ஆகும். அடுத்துச் சர்க்கரை, உப்பு, வினிகர். வினிகர் ஊற்றும்போது முகத்தை வாணலிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிளகாயும் வினிகர் ஆவியும் சேர்ந்தால் வீடே இருமும். ஒரு கொதி வந்ததும் மாம்பழக் கூழ்.

இனிமேல் கவனம். மாம்பழக் கூழ் கொதிக்கும்போது "பொளக் பொளக்" என்று தெறிக்கும், கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நீளக் கரண்டி, முக்கால்வாசி மூடிய மூடி. நடுத்தீயில் 8 முதல் 10 நிமிடம், அடி பிடிக்காமல் கிளறி விடுங்கள். பதம் பார்க்க ஒரு துளியை எவர்சில்வர் தட்டில் விட்டுச் சாய்த்துப் பாருங்கள். துளியைச் சுற்றித் தண்ணீர் வளையம் பிரிந்து ஓடினால் இன்னும் சுண்டவில்லை. துளி அப்படியே சோம்பலாக நகர்ந்தால் போதும். சோள மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்க வேண்டாம், பசை மாதிரி ஆகும், தண்ணீரும் உள்ளேயே நிற்கும்.

அடுப்பை அணைத்து வெண்ணெயைப் போட்டுக் கலக்குங்கள், எலுமிச்சை பிழியுங்கள். ருசி பாருங்கள். வெறும் சாஸாக நக்கும்போது கொஞ்சம் அதிகப்படியாக, முதலில் இனிப்பு, உடனே புளிப்பு, கடைசியில் தொண்டையில் காரம் என்று இருக்க வேண்டும். கறியோடு சேரும்போது அது அடங்கிவிடும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். போட்டுப் பார்த்தேன், பச்சடி வாசனை வந்து மாம்பழத்தை அமுக்கிவிட்டது.

புரட்டுவது

விங்ஸை ஓவனிலிருந்து எடுத்ததும் சாஸில் போடாதீர்கள். வலையிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள், உள்ளிருக்கும் ஆவி அடங்கட்டும். சாஸ் வெதுவெதுப்புக்கு மேல், கொதிநிலைக்குக் கீழ் இருக்க வேண்டும். ஆறின சாஸ் கட்டியாக ஒட்டும், கொதிக்கிற சாஸ் தோலை அவிக்கும்.

பெரிய பாத்திரத்தில் விங்ஸைப் போட்டு, முக்கால் பங்கு சாஸைப் பாத்திரத்தின் ஓரமாகச் சுற்றி ஊற்றி, முறத்தில் புடைப்பது போலத் தூக்கிப் போட்டுப் பிடியுங்கள். எட்டு, பத்துத் தடவை போதும். கரண்டி போட்டுக் கிளறினால் கொப்புளம் எல்லாம் உடையும். மிச்ச சாஸைக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டுபவர்கள் தொட்டுக்கொள்ளட்டும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு படி: புரட்டியதை வலையில் திரும்ப அடுக்கி, மேல் ராடு மட்டும் எரிய 2, 3 நிமிடம். சாஸ் இறுகி மினுமினுக்கும், ஓரங்களில் லேசாகக் கருகின வாசனை வரும். ஓவன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சர்க்கரை சிவப்பிலிருந்து கரிக்குப் போக அரை நிமிடம் போதும். போன் அடித்தால் அடிக்கட்டும். சாஸைத் தடவி ஆரம்பத்திலிருந்தே சுடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டும் என்றால் 6.15க்கு ஓவனைப் போடுங்கள், 6.25க்கு விங்ஸ் உள்ளே, 6.55க்கு 220. ஓவன் 120இலிருந்து ஏறுவதற்கே எட்டு, பத்து நிமிடம் தின்னும். அது போக 40 நிமிடம் என்றால் 7.45. சாஸை 7.15க்கு ஆரம்பித்தால் நேரம் சரியாக இருக்கும்.

சாஸில் புரட்டிய பிறகு மொறுமொறுப்பு 15, 20 நிமிடம்தான் நிற்கும். விருந்தாளி தாமதம் என்று போன் வந்தால் புரட்டாமல் வெறும் விங்ஸை 100 டிகிரி ஓவனில் அரை மணி வரை வைத்திருக்கலாம். வந்து கை கழுவும்போது புரட்டுங்கள்.

மாம்பழம் இல்லாத மாதங்களில்

ஆடி தாண்டினால் நல்ல பழம் அபூர்வம். டப்பாவில் வரும் மாம்பழக் கூழ் பரவாயில்லை, பலவற்றில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், நம் அளவைப் பாதியாக்கி வினிகரை ஒரு ஸ்பூன் கூட்டுங்கள்.

அன்னாசி நன்றாகவே வரும், ஆனால் அதில் தண்ணீர் அதிகம், 15 முதல் 20 நிமிடம் சுண்ட வேண்டும். பச்சை அன்னாசிச் சாற்றில் விங்ஸை ஊறவைக்கிற யோசனை வந்தால் கைவிடுங்கள். அதில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி புரதத்தைக் கரைத்துக் கறியைக் கூழாக்கிவிடும். கொதிக்க வைத்தால் அந்த நொதி செத்துவிடும், அதனால் சாஸில் பயமில்லை. கம்பம் பன்னீர் திராட்சையைக் கொதிக்க வைத்து விதையை வடிகட்டிச் செய்தால் கருஞ்சிவப்பாக, துவர்ப்போடு இன்னொரு ருசி. கொய்யாவும் பப்பாளியும் எனக்குச் சரிவரவில்லை.

மிஞ்சினால்

சாஸ் தனியாக மிஞ்சினால் கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும். புரட்டாத விங்ஸை மறுநாள் 200 டிகிரியில் 8, 10 நிமிடம் வைத்தால் முக்கால்வாசி மொறுமொறுப்பு திரும்பும். புரட்டியது மிஞ்சினால் அதை மொறுமொறுப்பாக்க முயல வேண்டாம். கறியைப் பிய்த்து எடுத்து, வெங்காயம், முட்டை போட்டுக் கொத்துப் பரோட்டாவில் கொத்திவிடுங்கள், அந்த இனிப்புக் காரம் அங்கே நன்றாகச் சேரும். ஃப்ரீசரில் போட்ட இறக்கை நுனிகள் நினைவிருக்கிறதா? இரண்டு, மூன்று தடவை செய்து இருபது முப்பது சேர்ந்ததும் குக்கரில் ஐந்து விசில் விட்டு அந்தத் தண்ணீரில் மிளகு ரசம் வையுங்கள்.